அப்டேட்டுக்குப் பின் திறக்காத கணினி: பின்வாங்குவதா, ரீசெட்டா, ஃபார்மட்டா, கடையா?

மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்கான தன் மாதாந்திர அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு 10.30 அல்லது 11.30 ஆகியிருக்கும். ஆகவே அதன் பலாபலன்கள் வடசென்னையின் தண்டையார்பேட்டையில் நான் நடத்தும் டிடிபி கடைக்குப் புதன், வியாழக்கிழமைகளில்தான் வந்து சேருகின்றன. "நேத்து ராத்திரி ஷட்டவுன் கொடுத்தேன் அண்ணே, அப்டேட் ஓடிச்சு, காலையில வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு" என்று சொல்லிக்கொண்டு மடிக்கணினியை மஞ்சள் பையில் வைத்துத் தூக்கி வருபவர்கள் எல்லா மாதமும் இருக்கிறார்கள். நான் கணினிப் பொறியாளன் அல்லன். ஆனால் பதினைந்து ஆண்டுகளாகக் கடையின் கணினிகளை நானே பழுது பார்த்து வருவதால் அக்கம்பக்கத்தார் முதலில் என்னிடம்தான் கேட்கிறார்கள். அவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே: இருக்கும் நான்கைந்து வழிகளில் எதை எடுப்பது?

இந்தக் கட்டுரை விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும். வழிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், பெரும்பாலோர் "எது சீக்கிரம் முடியும்" என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறார்கள். என் அனுபவத்தில், வருந்துவதற்கு அதைவிட நேரான பாதை வேறு இல்லை.

## முதலில் ஒரு சந்தேகம்: அப்டேட்தான் காரணமா?

பொத்தானை அழுத்தியதும் திரையில் எதுவுமே வராமல், நிறுவனத்தின் சின்னம்கூடத் தோன்றாமல், மின்விசிறி மட்டும் ஓடுகிறது அல்லது "பீப்" ஒலி கேட்கிறது என்றால், அது பெரும்பாலும் விண்டோஸின் கோளாறு அன்று. விண்டோஸ் கண் விழிப்பதற்கு முன்பே நிகழும் கோளாறு அது. ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கத்து உப்புக் காற்றில் மேசைக்கணினியின் ராம் பட்டையின் பித்தளை நிற முனைகள் மங்கிப்போவது சகஜம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் முனைகளை மென்மையாகத் தேய்த்துத் திரும்பச் செருகியதும் எழுந்துகொண்ட கணினிகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்டேட் முடிந்து கணினி தன்னைத் தானே அணைத்துத் திறக்கும் நேரத்தில் இந்தப் பழைய நோய் வெளிப்படுவதால், பழி அப்டேட்டின் மேல் விழுகிறது.

சின்னம் வருகிறது, வட்டம் சுற்றுகிறது, அல்லது நீலத்திரை வருகிறது, அல்லது "ஆட்டோமேட்டிக் ரிப்பேர்" என்ற சொற்கள் வந்து வந்து போகின்றன என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்கானது. சதவீத எண் 30-இலோ 75-இலோ நிற்பதை மட்டும் அவசரப்பட்டுக் கோளாறு என்று சொல்லிவிடக் கூடாது. எஸ்எஸ்டி இல்லாத பழைய ஹார்டு டிஸ்க் கணினியில் ஒரு பெரிய அப்டேட் இரண்டு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளும். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வரை அதன் போக்கில் விடுங்கள். பென் டிரைவ், பிரிண்டர் முதலியவற்றைக் கழற்றிவிட்டு ஒருமுறை திறந்து பார்ப்பதும் இலவசமான சோதனைதான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் கோப்புகள். அந்தக் கணினியில் இருப்பவை வேறு எங்காவது இருக்கின்றனவா? "முக்கியமானது ஒன்றும் இல்லை" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். டெஸ்க்டாப்பில் கிடப்பவை, டவுன்லோட்ஸில் கிடக்கும் ஆதார் நகல், கைபேசியில் இடமில்லை என்று மாற்றி வைத்த திருமணப் படங்கள் ஆகியவற்றை நினைத்துப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

இரண்டாவது அளவுகோல் பிட்லாக்கர் சாவி. இதைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புதிய மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு முதல்முறை உள்நுழையும்போது, வட்டு முழுவதும் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. அன்றாடப் பயன்பாட்டில் இது தெரியாது. பழுதுபார்க்கும் திரைக்குள் போகும்போதோ, சில அப்டேட்டுகளுக்குப் பின்போதான் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கணினி கேட்கும். 2024 ஜூலை மாத விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் சில கணினிகள் காரணமே இல்லாமல் இந்தச் சாவியைக் கேட்டன. அந்தக் கோளாறு மறுமாத அப்டேட்டில் சரிசெய்யப்பட்டது. சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைபேசியிலிருந்தே அந்தக் கணக்குக்குள் சென்று எடுத்துவிடலாம். அந்தக் கணக்கு யாருடையது என்பதில்தான் சிக்கல்.

எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா, கல்லூரியில் சேர்ந்த மகளுக்காக மடிக்கணினி வாங்கினார். விற்ற கடையின் பையன் அங்கேயே எல்லாவற்றையும் "ரெடி பண்ணி" கொடுத்திருந்தான். ஓராண்டு கழித்து அது நீலத்திரையில் சாவி கேட்டபோதுதான் தெரிந்தது, அந்தப் பையன் அவசரத்தில் தானாக ஒரு மின்னஞ்சல் முகவரியை உருவாக்கி அதில் கணினியைப் பதிவு செய்திருக்கிறான். அதன் கடவுச்சொல் அக்காவுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. சாவி இல்லாமல் அந்த வட்டைத் திறக்க மைக்ரோசாஃப்டாலும் முடியாது, சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவாலும் முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாவது அளவுகோல், மறுபடி நிறுவ வேண்டியவற்றின் சுமை. வீட்டில் படம் பார்க்கும் கணினிக்கு இது ஒன்றுமே இல்லை. டாலி என்ற கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பிரிண்டர் டிரைவர், தமிழ் எழுத்துருக்கள் என்று அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு இதுவே முழுநாள் வேலை.

நான்காவதாக நேரம், ஐந்தாவதாகப் பக்கத்தில் இன்னொரு கணினியும் நல்ல இணையமும் இருக்கின்றனவா என்பது. இவை எளியவை. எல்லாவற்றுக்கும் அடியில் வட்டின் உடல்நிலை இருக்கிறது. ஹார்டு டிஸ்க் "டிக் டிக்" என்று ஒலி எழுப்பினால் கீழே உள்ள எந்த வழியையும் தொடாமல், கோப்புகளை மீட்பது ஒன்றையே எண்ண வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் அதன் மிச்ச ஆயுளைக் குறைக்கும்.

## வழி 1: பின்வாங்குவது

வந்த அப்டேட்டை மட்டும் கழற்றிவிட்டு, நேற்றைய நிலைக்குத் திரும்புவது இது. என் கருத்தில், அப்டேட்டுக்கு மறுநாளே திறக்காமல் போன கணினிக்கு இதுவே முதல் வழி. ஆனால் மிகக் குறைவாக முயலப்படுவதும் இதுதான்.

இதற்குப் பழுதுபார்க்கும் திரைக்குள் போக வேண்டும். சின்னமும் வட்டமும் தோன்றியதும் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். இதையே இன்னொருமுறை செய்யுங்கள். மூன்றாம் முறை திறக்கும்போது விண்டோஸ் தானாகவே அந்தத் திரைக்குப் போகும். சதவீத எண் நகர்ந்துகொண்டிருக்கும்போது மட்டும் இதைச் செய்யக் கூடாது. உள்ளே ட்ரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். அங்கே இரண்டு தேர்வுகள் இருக்கும். மாதாந்திர அப்டேட்டுக்குக் குவாலிட்டி அப்டேட்டையும், விண்டோஸின் பதிப்பே மாறியிருந்தால் ஃபீச்சர் அப்டேட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிப்பு மாற்றத்தைத் திரும்பப் பெற இயல்பாக 10 நாள்தான் அவகாசம். அதற்குப் பின் பழைய பதிப்பின் கோப்புகளைக் கணினி தானாகவே அழித்துவிடும். "சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று இரண்டு வாரம் மூலையில் வைத்துவிடுபவர்கள் இந்த வழியை இழப்பது இப்படித்தான்.

அதே திரையில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் என்று ஒன்று இருக்கும். அதைச் சொடுக்குவதால் கெடுதல் இல்லை. பல சமயம் பயனும் இல்லை. கால் மணி நேரம் சுற்றிவிட்டுச் "சரிசெய்ய முடியவில்லை" என்று சொன்னால் அதோடு விட்டுவிடலாம். சிஸ்டம் ரிஸ்டோர் நல்ல கருவிதான். அது சொந்தக் கோப்புகளைத் தொடாமல் விண்டோஸின் உள்ளமைப்பை மட்டும் முந்தைய தேதிக்குக் கொண்டுபோகிறது. ஆனால் பல கணினிகளில் அது தொடக்கத்திலிருந்தே அணைத்து வைக்கப்பட்டிருப்பதால், திறந்து பார்த்தால் திரும்பிச் செல்ல ஒரு தேதிகூட இருக்காது.

மிக அவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸைத் திறக்கும் சேஃப் மோடில் கணினி திறந்துகொண்டால், அது பெரிய நற்செய்தி. விண்டோஸ் நன்றாக இருக்கிறது, இடையில் வந்த ஏதோ ஒரு டிரைவரோ பாதுகாப்பு மென்பொருளோதான் வழிமறிக்கிறது என்று பொருள். 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்களும் வங்கிகளும் முடங்கியது நினைவிருக்கும். மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரையில் நின்றன. அதற்குக் காரணம் விண்டோஸ் அப்டேட் அன்று, கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு சிறிய கோப்பு. சேஃப் மோடில் திறந்து அந்த ஒற்றைக் கோப்பை அழித்ததும் கணினிகள் எழுந்துகொண்டன. அன்று அவசரப்பட்டு ஃபார்மட் போட்டிருந்தால் எத்தனை வேலை வீணாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிட்லாக்கர் சாவியைத் தேடி அலைந்த நிறுவனங்கள்தான் அன்று மிகவும் தாமதப்பட்டன என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

இந்த வழியின் மறைந்த செலவுகள் இரண்டு. ஒன்று, கழற்றிய அப்டேட் மறுநாளே திரும்ப வந்து உட்காரும். ஆகவே கணினி திறந்ததும் செட்டிங்ஸில் அப்டேட்டை ஒன்றிரண்டு வாரத்துக்கு நிறுத்தி வைக்க வேண்டும். ஐந்து வாரம் வரை நிறுத்தலாம். நிரந்தரமாக நிறுத்துவது வேறு வகையான ஆபத்து. மற்றொன்று, மேசைக்கணினி வைத்திருப்பவர்களுக்கு மட்டும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட், பழுதுபார்க்கும் திரையில் யூஎஸ்பி கீபோர்டையும் மௌஸையும் செயலிழக்கச் செய்துவிட்டது. திரை முன்னால் நிற்கிறது, அம்புக்குறி அசைய மறுக்கிறது. அக்டோபர் 20 அன்று மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. ஆனால் திறக்கவே முடியாத கணினிக்குள் அந்தத் திருத்தம் எப்படிப் போகும்? அந்த வாரத்தில் என் கடையின் பரணில் கிடந்த, யூஎஸ்பி அல்லாத, ஊதா நிற உருண்டை முனையுள்ள பழைய கீபோர்டு ஒன்று தெருவில் மூன்று வீடுகளுக்குப் போய்வந்தது. மதர்போர்டில் அதற்கான துளை இருந்தவர்கள் தப்பினார்கள்.

## இடையில் ஒரு கடமை: கோப்புகளை வெளியே எடுப்பது

இது தனி வழி அன்று. ஆனால் வழி 1 தோற்று, வழி 2-க்குப் போவதற்கு முன் தவறாமல் செய்ய வேண்டியது. இதற்கு மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. பழுதுபார்க்கும் திரையில் கமாண்ட் பிராம்ப்ட் என்பதைத் திறங்கள். கறுப்புத் திரையில் நோட்பேட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டச்சிட்டு என்டர் கொடுத்தால் நோட்பேட் திறந்துகொள்ளும். அதில் ஃபைல் பட்டியலில் ஓப்பன் கொடுத்து, கீழே "ஆல் ஃபைல்ஸ்" என்று மாற்றினால், உங்கள் வட்டில் உள்ள அனைத்தும் அந்தச் சிறு சாளரத்துக்குள் தெரியும். வேண்டிய அடைவை வலது சொடுக்கில் காப்பி செய்து, செருகியிருக்கும் பென் டிரைவுக்குள் போய் பேஸ்ட் செய்யலாம்.

இதில் இரண்டு விஷயங்கள் புதியவர்களைக் குழப்பும். வழக்கமான சி டிரைவ் அங்கே டி என்றோ ஈ என்றோ பெயர் மாறி நிற்கலாம். யூசர்ஸ் என்ற அடைவு எதில் இருக்கிறதோ அதுதான் உங்களுடையது. மற்றொன்று, பேஸ்ட் கொடுத்த பிறகு எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும் பட்டை வராது. சாளரம் உறைந்துபோனது போல் நிற்கும். பென் டிரைவின் விளக்கு மினுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு அடைவாக எடுப்பது நல்லது.

## வழி 2: ரீசெட், கோப்புகளை வைத்துக்கொண்டு

அதே ட்ரபிள்ஷூட் திரையில் "ரீசெட் திஸ் பிசி" என்று இருப்பது இது. விண்டோஸைப் புதிதாக நிறுவிக்கொண்டு, உங்கள் படங்களையும் ஆவணங்களையும் அப்படியே விட்டுவைப்பதாக வாக்களிக்கிறது. வாக்கைக் காப்பாற்றவும் செய்கிறது. ஆனால் அந்த வாக்கில் எது அடங்கும், எது அடங்காது என்பதைச் சிறிய எழுத்தில் சொல்வதால் பலர் ஏமாறுகிறார்கள்.

நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் அனைத்தும் போய்விடும். அவற்றோடு மென்பொருள்கள் தமக்கென ஒதுக்கிக்கொண்ட அடைவுகளில் வைத்திருந்த தரவும் போகும். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், கணக்கோடு ஒத்திசைக்கப்படாமல் இருந்தால், அவற்றில் அடங்கும். டாலி தரவு எந்த அடைவில் இருக்கிறது என்று தெரியாமல் ரீசெட் பொத்தானைத் தொடுவது தற்கொலைக்குச் சமம். முதலில் அந்த அடைவை மேலே சொன்ன நோட்பேட் வழியில் வெளியே எடுத்துவிடுங்கள்.

எங்களைப் போன்ற அச்சு, தட்டச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு வரும் இழப்பை எந்த வழிகாட்டியும் எழுதுவதில்லை. யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள் விண்டோஸின் எழுத்துரு அடைவில்தான் இருக்கும். ரீசெட் அவற்றைத் துடைத்துவிடும். கோப்பு பத்திரமாக இருக்கும். திறந்து பார்த்தால் திருமண அழைப்பிதழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டிக் கிடக்கும். பயந்துவிட வேண்டாம், எழுத்துரு திரும்ப வந்தால் எழுத்தும் திரும்ப வரும். ஆனால் பத்தாண்டுகளுக்கு முன்னால் யாரோ கொடுத்த குறுந்தகட்டிலிருந்து நிறுவிய எழுத்துருவை இன்று எங்கே தேடுவது? ஆகவே எழுத்துரு அடைவையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். என்எச்எம் ரைட்டர், அழகி போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களை மறுபடி இறக்கிக்கொள்ளலாம், அதில் சிரமமில்லை.

ரீசெட் கொடுக்கும்போது "லோக்கல்", "கிளவுட்" என்று இரண்டு தேர்வுகள் வரும். அப்டேட்டால் உள்ளேயிருக்கும் விண்டோஸ் கோப்புகளே கெட்டிருக்கும் என்று சந்தேகம் இருந்தால் கிளவுட் மேல். ஆனால் அதற்குச் சுமார் 4 ஜிபி தரவிறக்கம் வேண்டும். கைபேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவர்கள் அன்றைய டேட்டா அளவைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

நேரம் ஒன்று முதல் மூன்று மணி வரை ஆகலாம். இங்கே வடசென்னைக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை. எந்தப் பகுதிக்கு எந்த நாள் என்பது நாளிதழில் முன்கூட்டியே வந்துவிடும். மேசைக்கணினிக்கு நாம் போட்டிருக்கும் சிறிய யூபிஎஸ் கால் மணி நேரம் தாங்கினால் அதிகம். பாதி ரீசெட்டில் மின்சாரம் போனால், இருந்ததும் போய், வழி 3 தவிர வேறு வழி இருக்காது. மடிக்கணினி என்றாலும் சார்ஜரைச் செருகியே செய்யுங்கள்.

## வழி 3: ஃபார்மட் போட்டுப் புதிதாக நிறுவுவது

இன்னொரு கணினியில் குறைந்தது 8 ஜிபி பென் டிரைவைச் செருகி, மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவியால் நிறுவல் டிரைவை உருவாக்கி, அதிலிருந்து திறந்து, பழைய பகுதிகளை அழித்துவிட்டு நிறுவுவது இது. மிகச் சுத்தமான முடிவு. அப்டேட்டுக்கு முன்பே கணினி ஆமையாக ஊர்ந்துகொண்டிருந்தது, வைரஸ் சந்தேகம் இருந்தது, அல்லது சாவி தொலைந்துபோய் உள்ளே இருப்பது போனால் போகட்டும் என்று முடிவாகிவிட்டது என்றால், இதுவே மேலானது. இதற்குப் பிட்லாக்கர் சாவி தேவையில்லை. காரணம் எளிது: பூட்டைத் திறக்காமல் வீட்டையே இடித்துவிடுகிறோம்.

உரிமம் பற்றி அஞ்ச வேண்டாம். உண்மையான விண்டோஸோடு வந்த கணினி என்றால், அதே பதிப்பை நிறுவி இணையத்தில் இணைத்ததும் மதர்போர்டை அடையாளம் கண்டு தானாகவே செயற்பட்டுவிடும்.

எந்த விண்டோஸை நிறுவுவது என்ற கேள்விதான் இப்போது பலருக்குத் தலைவலி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியையும் கேட்கிறது. பழைய கணினியில் அந்தத் தடையைத் தாண்டி நிறுவித் தருவதாகக் கடைகளில் சொல்வார்கள். நிறுவவும் செய்யலாம். ஆனால் அப்படி நிறுவிய கணினிக்கு வருங்கால அப்டேட்டுகளுக்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. அப்டேட்டால் விழுந்த கணினியை மறுபடி அப்டேட்டால் விழக்கூடிய நிலையில் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. படிப்புக்கும் இணையத்துக்கும் மட்டுமான பழைய கணினி என்றால் லினக்ஸைப் பரிசீலிக்கலாம்.

## வழி 4: கடையில் கொடுப்பது

கடை என்றால் மூன்று வகை: தெருமுனைக் கடை, ரிச்சி தெரு, நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர்.

தெருமுனைக் கடையில் சில நூறு ரூபாயில் வேலை முடியும், நடந்தே போகலாம், ஆளைத் தெரியும். அவருடைய நேரம் அவருக்குப் பணம் என்பதால், ஒரு மணி நேரம் உட்கார்ந்து காரணம் தேடுவதைவிட ஃபார்மட் போட்டுவிடுவது அவருக்கு லாபம். இதில் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அவருக்கு மலிவான அந்த வழிதான் உங்களுக்கு எல்லாவற்றிலும் விலை உயர்ந்ததாக அமையக்கூடும். பல ஆண்டுகளுக்கு முன் என் சொந்தக் கணினியை ஒரு கடையில் கொடுத்தேன். "சி டிரைவ்ல முக்கியமா ஏதாவது இருக்கா சார்?" என்று பையன் கேட்டான். "இல்லப்பா, எல்லாம் டெஸ்க்டாப்லதான் வெச்சிருக்கேன்" என்றேன். அவனும் தலையாட்டினான். டெஸ்க்டாப் என்பதே சி டிரைவுக்குள் இருக்கும் ஓர் அடைவுதான் என்பது மாலையில் வெறும் நீலப் பின்னணியையும் குப்பைத் தொட்டியையும் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது பக்க ஆண்டு மலர் ஒன்றை மறுபடி தட்டச்சிட்டேன்.

ஆகவே கொடுக்கும்போது ரசீதில் "என்னைக் கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது" என்று எழுதி வாங்குங்கள். கடவுச்சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பதைத் தவிர்த்து, முடிந்தால் பக்கத்தில் இருந்து நீங்களே தட்டச்சிடுங்கள். வீட்டுப் பெண்களின் படங்கள் உள்ள கணினி என்றால் இதில் தயக்கமே வேண்டாம். "ஃப்ரீயா ஆபீஸ் போட்டுத் தர்றேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். திருட்டுச் செயற்படுத்தும் மென்பொருள்களோடு சேர்ந்து வருவதுதான் அடுத்த நோய்.

ரிச்சி தெரு தொலைவு என்று முன்பு சலித்துக்கொள்வோம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு, தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். ராம், எஸ்எஸ்டி, கீபோர்டு போன்ற உதிரிகள் மாற்ற வேண்டியிருந்தால் அங்கே போவதில் பொருள் உண்டு. வெறும் விண்டோஸ் கோளாறுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. தெருமுனையில் செய்யும் அதே ஃபார்மட்டைத்தான் அங்கும் செய்வார்கள்.

வாரண்டி உள்ள மடிக்கணினி, வட்டில் ஒலி, திரையே வராத நிலை ஆகிய மூன்றுக்கும் சர்வீஸ் சென்டர் சரி. ஆனால் உள்ளே இருக்கும் தரவுக்குப் பொறுப்பில்லை என்ற படிவத்தில் முதலிலேயே கையொப்பம் வாங்கிவிடுவார்கள். வட்டை மாற்றினால் பழைய வட்டு பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. வாரண்டி பொதுவாக உதிரிகளுக்குத்தான், மென்பொருள் கோளாறுக்குத் தனிக் கட்டணம் கேட்கலாம்.

## ஒரே பார்வையில்

| | பின்வாங்குதல் | ரீசெட் | ஃபார்மட் | கடை |
|---|---|---|---|---|
| சொந்தக் கோப்புகள் | இருக்கும் | பெரும்பாலும் இருக்கும் | போய்விடும் | நீங்கள் சொல்லிக் கொடுப்பதைப் பொறுத்தது |
| மென்பொருள்கள் | இருக்கும் | போய்விடும் | போய்விடும் | பெரும்பாலும் போய்விடும் |
| பிட்லாக்கர் சாவி | பூட்டிய வட்டுக்குத் தேவை | தேவைப்படும் | தேவையில்லை | கோப்புகள் வேண்டுமானால் தேவை |
| தோராயமான நேரம் | அரை மணி முதல் ஒரு மணி | 1 முதல் 3 மணி, பின் மறுநிறுவல் | அரை நாளுக்கு மேல் | 1 முதல் 3 நாள் |
| மறைந்த செலவு | அப்டேட் திரும்ப வரும் | எழுத்துருக்கள், கடவுச்சொற்கள் | எல்லாம் | அந்தரங்கம், அழிக்கப்படும் தரவு |

## யாருக்கு எது

கல்லூரி மாணவிக்கு, நாளை ஒப்படைக்க வேண்டிய புராஜெக்ட் அந்தக் கணினியில் மட்டும் இருக்கிறது என்றால், கணினியைச் சரிசெய்வதையே இன்று மறந்துவிட்டு நோட்பேட் வழியில் கோப்பை எடுத்து வேறு கணினியில் முடிக்க வேண்டும். கணினியை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம், ஆனால் பத்து நாளைத் தாண்டாமல். மண்ணடியிலோ சௌகார்பேட்டையிலோ டாலியில் கணக்கு எழுதுபவருக்கு, பின்வாங்குவதை இரண்டுமுறை முயன்ற பிறகே ரீசெட். ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள் நெருங்கும் வாரத்தில் ஃபார்மட் என்ற சொல்லையே எடுக்க வேண்டாம், டோக்கன் டிரைவரைத் திரும்ப நிறுவுவதிலேயே ஒரு பகல் போகும். எல்லாமே கைபேசியிலும் இணையத்திலும் இருக்க, கணினியைப் பிள்ளைகள் விளையாட வைத்திருக்கும் வீட்டுக்கு நேராகவே ஃபார்மட் போடலாம். பின்வாங்கி, தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. முதியவர் தனியாக இருக்கும் வீட்டில், தொலைபேசியில் வழி 1-ஐச் சொல்லிக் கொடுக்க முயன்று இருவரும் சலித்துப் போவதைவிட, தெரிந்த கடைக்காரரை வீட்டுக்கு வரவழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து செய்யச் சொல்வது நல்லது.

தையற்கடை அக்காவின் மடிக்கணினிக்கு எந்த வழியும் கோப்புகளைத் தரவில்லை. ஃபார்மட்தான் போட்டோம். இந்தமுறை மகளின் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்து, சாவியின் 48 இலக்கங்களையும் நான் படிக்கப் படிக்க அக்கா தன் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஆறு ஆறு இலக்கங்களாக எட்டு வரிகளில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் என்னிடமிருந்து கணினியை வாங்கி, ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்து இன்னொருமுறை சரிபார்த்தார். நான்காம் வரியில் 6-க்குப் பதில் 9 எழுதியிருந்தது.